அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு நம் ஊர்ப் பாட்டும் கதையும் வேண்டும், உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன், 3 வயது முதல் 5 வயது வரை 18 பிள்ளைகள். சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் ஸ்ட்ராபெர்ரி இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. போன வாரம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நாலைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ஒரு சின்னவள் காம்பைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்தாள், அப்புறம் ‘எங்க கொல்லையில இருக்கு’ என்று ஆரம்பித்தவள், அதுவரை வாயே திறக்காத பிள்ளை, கால்மணி நேரம் நிறுத்தவே இல்லை.

இன்னொரு நாள் ஒரு பாட்டி வந்து மண்ணில் ஏழேழாக இரண்டு வரிசை குழி தோண்டி, குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டுப் பல்லாங்குழி ஆடிக் காட்டினார். எண்ணுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 3 முதல் 8 வயதுக்கென 2022-இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் (எதை, எப்படிக் கற்பிப்பது என்று சொல்லும் வழிகாட்டி) வீட்டு மொழியில், குழந்தைக்குப் பழகிய சூழலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. ஆனால் கையில் பொருள் வேண்டுமே.

எனக்குத் தேவை இவைதான்: நம் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தாலாட்டு, விடுகதை, கைவிளையாட்டு. ஜவ்வாது மலைக்காரர்கள் இருந்தால், சாமை விதைப்பது முதல் குத்திப் புடைப்பது வரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொற்களையும் கதைகளையும், அவர்கள் சம்மதத்தோடு, போனில் பதிந்து அனுப்புங்கள். எந்த ஊர், யார் சொன்னது என்று சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளிடம் அவர்கள் பெயரோடு சொல்வேன். தெருக்கூத்துக் கலைஞர் யாராவது ஒரு காலை வேளை வந்து முகத்தில் அரிதாரம் பூசுவதைக் காட்ட முடியுமா? வண்டிச் செலவு நான் தருகிறேன்.