முன் டிக்கிக்குள் பூட்டிக்கொண்ட பேட்டரி: சார்ஜர் வயரை நிரந்தரமாகப் பொருத்தலாமா?

வடக்குச்சாலை (டொராண்டோ)

என்னிடம் 2008ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று இருக்கிறது. நவம்பரில் கராஜுக்குள் விட்டால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பேன். சென்ற ஏப்ரலில் ரிமோட்டை அழுத்தினேன். ஒரு விளக்குகூட மின்னவில்லை. இந்தக் காரில் பேட்டரி முன் டிக்கியில் இருக்கிறது. அந்த டிக்கியின் பூட்டோ மின்சாரத்தால் திறப்பது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

கையேட்டைப் புரட்டி வழி கண்டுபிடித்தேன். ஓட்டுநர் காலடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில், வெளியே இழுக்கக்கூடிய பிளஸ் முனை ஒன்று இருக்கிறது. அதில் வேறொரு பேட்டரியின் பிளஸையும், கதவோர உலோகத்தில் மைனஸையும் கொடுத்தால் டிக்கி திறக்கும். திறந்தது. கூடவே அலாரமும் அலறியது. ஞாயிறு காலை ஏழு மணி, பக்கத்து வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் விலகின. காரைக் குறை சொல்லவில்லை, சோம்பல் என்னுடையது.

இந்த முறை பேட்டரியின் இரு முனைகளிலும் வளைய லக் (முனையில் மாட்டி நட்டால் இறுக்கும் உலோக வளையம்) வைத்த வயரை நிரந்தரமாகப் பொருத்தி, அதன் இணைப்பியை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறேன். டிக்கியைத் திறக்காமலே பராமரிப்பு சார்ஜரை (மாதக்கணக்கில் மாட்டிவைத்து பேட்டரியை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது) மாட்டலாம். யாருக்காவது மறுப்பு உண்டா?

பழைய ஸ்பேனர்

எனக்கு உண்டு. பத்தாம் எண் ஸ்பேனரை எடுங்கள், மைனஸைக் கழற்றுங்கள், போய்த் தூங்குங்கள். ஐந்து மாதம் ஆள் பார்க்காத கராஜில் ஒரு சார்ஜரை ஓடவிட்டுவிட்டு எப்படித்தான் நிம்மதியாக இருக்கிறீர்களோ! இருபது ஆண்டுகள் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன்: காரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு வயரும் நாளைக்கு ஒரு பழுது.

வடக்குச்சாலை

மைனஸைக் கழற்றிவிட்டு டிக்கியை மூடினால் மறுபடியும் அதே பூட்டுதானே, அண்ணா?

பழைய ஸ்பேனர்

மூடாதீர்கள் தம்பி. பூட்டில் விழாமல் துணியை மடித்து இடையில் வையுங்கள். அல்லது பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

வடக்குச்சாலை

எங்கள் கராஜில் எலி உண்டு. ஐந்து மாதம் திறந்த டிக்கி என்றால் வாடகையில்லா வீடு கொடுத்தது போல் ஆகும்.

கணக்குப்பிள்ளை

காரைப் பூட்டி அரைமணி நேரம் கழித்து அளந்தால், இவ்வகைக் கார்கள் 40 மில்லிஆம்பியர் அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். அலாரமும், ரிமோட்டின் சமிக்ஞையைக் கேட்கும் கருவியும் உறங்குவதில்லை. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 35 நாளில் பாதி, 70 நாளில் சுத்தமாகக் காலி. நவம்பர் 1இல் நிறுத்தினால் டிசம்பர் முதல் வாரத்திலேயே பாதிதான் மிச்சம்.

முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. அந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இன்னொன்று: முழுதாக ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து உறையைப் பிளந்துவிடும்.

பழைய ஸ்பேனர்

கணக்கு சரி. ஆனால் மைனஸைக் கழற்றினால் அந்த 40 பூஜ்யமாகிவிடுகிறதே? குளிரில் பேட்டரி தானாக இறங்குவது மிகக் குறைவு. உங்கள் கணக்கு என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். நன்றாக ஏற்றிக் கழற்றி வைத்தால் ஐந்து மாதம் தாங்கும். டிக்கிப் பூட்டு ஒன்றுதான் இந்தக் காரை வேறாக்குகிறது.

நீலாங்கரை

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பின் அடித்தள நிறுத்தத்தில் பிளக் பாயின்ட்டே கிடையாது. சங்கத்தில் கேட்டால் பொதுமின்சாரம் யார் தலையில் என்று சண்டை வரும். நான் ஞாயிறுதோறும் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறேன். பேட்டரிக்கு அதுதான் மருந்து. ஓடுகிற காருக்கு எதற்குக் குளுக்கோஸ் பாட்டில்?

வேண்டுமானால் லித்தியம் பேட்டரி போடுங்களேன், எடையும் குறையும்.

வடக்குச்சாலை

ஐயா, இங்கே டிசம்பரில் சாலை முழுக்க உப்பு. என் டயர்கள் கோடைக்கால டயர்கள். 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகிப் பிடிப்பு போய்விடும். கராஜுக்குள்ளேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதில் பேட்டரி முழுதாக ஏறாது. சைலன்சரில் தண்ணீர் தேங்குவதுதான் மிச்சம்.

கணக்குப்பிள்ளை

லித்தியம் பற்றி: போர்ஷே நிறுவனமே 2010இல் 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் கார்களுக்கு 6 கிலோவுக்கும் குறைவான லித்தியம் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. கடுங்குளிரில் திணறும் என்பதால் கூடவே ஒரு சாதாரண பேட்டரியையும் கொடுத்தது! டொராண்டோவுக்கு அது வேண்டாம். சல்ஃபேட் உடைக்கும் உயர்அழுத்த முறை உள்ள ஈய பேட்டரி சார்ஜரை லித்தியத்தில் மாட்டவும் கூடாது.

பழைய ஸ்பேனர்

சரி, பொருத்தியே தீருவது என்றால் ஒரே கேள்வி: ஃபியூஸ் எங்கே? சார்ஜர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த வயரில் பேட்டரியின் மின்சாரம் இருக்கிறது. ஒரு காரில் பார்த்தேன்: பிளஸ் வயர் டிக்கிக் கீலுக்கு அடியில் நசுங்கி, உறை உருகிச் செம்பு தெரிந்தது. ஃபியூஸ் இருந்தது, ஆனால் நசுங்கிய இடத்தைத் தாண்டி மறுமுனையில். இருந்து என்ன பயன்?

இன்னொரு கெடுதல், சாகப்போகும் பேட்டரியை இந்தச் சார்ஜர் உயிரோடு இருப்பதுபோல் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வெளியூரில் கைவிடும்.

கணக்குப்பிள்ளை

இரண்டும் நியாயம். ஃபியூஸ் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சார்ஜரைக் கழற்றி, ஒரு நாள் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள்.

வேலையில் முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும், பிறகு பிளஸில் லக், கடைசியில் மைனஸும் அதன் லக்கும். டிக்கி அதுவரை திறந்தே இருக்கட்டும்! இரட்டை முள் இணைப்பியில் பேட்டரிப் பக்கம் ரப்பருக்குள் ஒளிந்திருப்பது பிளஸ். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மைனஸ், பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மாறியிருந்தால் வயரையே தூக்கி எறியுங்கள்.

வடக்குச்சாலை

சனிக்கிழமை முடித்துவிட்டேன். முன் பம்பரின் இழுவைக் கொக்கித் துளை வழியாக விடத்தான் நினைத்தேன். உப்புத் தண்ணீர் தெறித்து முள்ளில் களிம்பு ஏறும் என்று விட்டுவிட்டேன். காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, டிக்கி ரப்பரின் மேல் வயரைத் தட்டையாகப் படுக்கவைத்தேன். மூடித் திறந்து பத்து முறை பார்த்தேன். ரப்பரில் லேசான தடம், வயரில் கீறல் இல்லை. பேட்டரி முனைக் கவ்வியின் நட்டை லக்கோடு சேர்த்து இறுக்கியபோது கவ்வி ஆடுகிறதா என்றும் பார்த்தேன், ஆடவில்லை.

மைனஸைக் கழற்றிய அந்தப் பத்து நிமிடத்தில் கதவுக் கண்ணாடிகள் தங்கள் எல்லையை மறந்துவிட்டன. கதவைத் திறந்தால் சற்று இறங்க வேண்டியவை இறங்கவில்லை. சுவிட்சை மேலே அழுத்திப் பிடித்து மீண்டும் கற்றுக்கொடுத்தேன்.

சார்ஜரை மாட்டும் முன் 12.4 வோல்ட். இன்று காலை, சார்ஜரோடு, 13.4. ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன், ஏப்ரலில் வயரை மறந்து காரை எடுத்துவிடக் கூடாதே.

பழைய ஸ்பேனர்

நாடா நல்ல யோசனை. ஃபியூஸ் இருக்கும் இடத்தைப் படமெடுத்துப் போடுங்கள், தம்பி. பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.