மறு: ‘டார்க் நியூட்ரல்’: கருந்தாங்கு நிறம் எனலாமா?

வணக்கம்.

கறுப்பு, கரிச்சாம்பல், கருநீலம், காப்பிப்பொடி நிறம் போல எந்த நிற உடையோடும் சேரும் இருண்ட நிறங்களை ஆங்கிலத்தில் ‘டார்க் நியூட்ரல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘இருண்ட நடுநிலை நிறம்’ என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். எனக்கு அதில் ஒரு தடை. நடுநிலை என்றால் எந்தப் பக்கமும் சேராதது. இந்த நிறங்களோ எல்லாப் பக்கமும் சேர்கிறவை.

‘நிறமிலி’யும் சரிவராது. கறுப்புக்கும் சாம்பலுக்கும் பொருந்தும், ஆனால் கருநீலம் நீலம்தானே? காப்பிப்பொடி நிறம்கூட இருண்டுபோன ஆரஞ்சுதான். உடுத்தும்போது மட்டும் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன. பக்கத்து நிறத்தோடு போட்டி போடாமல் அதைத் தாங்கிக் கொடுக்கின்றன.

தக்கலையில் என் தையல் கடையில், “இந்தச் சேலை எந்த ஜாக்கெட்டையும் தாங்கும்” என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் ‘கருந்தாங்கு நிறம்’ என்கிறேன். கருந்துளை போலப் புணர்ச்சியும் இயல்பாக வருகிறது. அய்யாவழி வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களைப் பார்த்து வளர்ந்த நமக்குத் ‘தாங்கல் நிறம்’ இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் மனத்தாங்கலும் கூடவே நினைவுக்கு வருகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

அக்கா சொன்ன ‘கருமணல் நிறம்’ அழகான சொல். ஆனாலும் அது ஒரு நிறத்தின் பெயர், நமக்கு வேண்டியது வகையின் பெயர். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை வடிந்ததும் இல்மனைட் கருமணல்மேல் கார்னெட் மணல் செந்நிறக் கோடாகக் கிடக்கும். அந்தச் சிவப்பை எடுத்துக்காட்டுவது அடியில் இருக்கும் கறுப்புதான். கரிச்சாம்பல் பேண்ட்டுக்குக் கடுகுமஞ்சள் டாப் எடுப்பாக இருப்பதும் இப்படித்தான். முழுக்கறுப்பு பேண்ட் என்றால் அதே மஞ்சள் கொஞ்சம் வெட்டித் தெரியும். தினமும் வேலைக்குப் போட்டுப் போக எனக்குக் கரிச்சாம்பலும் கருநீலமும்தான் பிடிக்கும்.

அப்புறம், இரண்டு கருந்தாங்கு நிறங்களை ஒன்றோடொன்று சேர்க்கும்போது கவனம் வேண்டும். டியூப்லைட்டில் கறுப்பென்று எடுத்த துணி வெயிலில் கருநீலமாகிவிடும். உடையில் அது தெரியாமல் நேர்ந்த பிழைபோல் தோன்றும். அதனால் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்வேன்.

இதற்கு எதிர் இணை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஓணத்துக்கு உடுத்தும் செட்டுமுண்டின் சந்தன வெள்ளை பச்சை, சிவப்பு, ஊதா எந்த ஜாக்கெட்டையும் தாங்குகிறது. அந்த வகையை ‘வெளிர்தாங்கு நிறம்’ என்று வைக்கலாமா? அண்ணாச்சியும் அக்காவும் சொல்லுங்கள்.