சிமென்ட் வைத்து நானே கெடுத்த சுவர்

பிலடெல்பியாவிலிருந்து:

செஸ்ட்நட் ஹில்லில் பழைய வீடு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. வீட்டைவிட வாசலில் இருக்கும் இடுப்புயரக் கற்சுவர்தான் எனக்குப் பிடித்துப்போனது. இந்தப் பக்கத்திலேயே வெட்டிய விஸ்ஸாஹிக்கன் சிஸ்ட் என்ற, ஏடு ஏடாக அமைந்த கல். சாயங்கால வெயில் பட்டால் அதிலுள்ள காக்காப்பொன் மினுமினுக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20இன் தொடக்கத்திலும் வட இத்தாலியின் ஃப்ரியூலி மலைப்பக்கம், பொஃபாப்ரோ மாதிரி ஊர்களிலிருந்து வந்த கொத்தனார்கள் இங்கே தெருத்தெருவாகக் கட்டியிருக்கிறார்கள்.

சாந்து உதிர ஆரம்பித்ததும் ஓர் ஆளைக் கூப்பிட்டேன். கிரைண்டரால் கற்களுக்கு நடுவிலுள்ள சந்துகளை அறுத்து, போர்ட்லேண்ட் சிமென்டை அடைத்து, ரெண்டே நாளில் பளிச்சென்று முடித்துக்கொடுத்தார். மலிவாக முடிந்ததே என்று எனக்கும் சந்தோஷம். மூன்றாவது குளிர்காலம் போனதும் பார்த்தால், சிமென்ட் அசையாமல் நிற்கிறது, கல் அப்பளமாக ஏடு ஏடாக உரிகிறது!

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், தாத்தா காலத்திலிருந்தே கல்வேலைக் குடும்பம். வந்து பார்த்து, விரல் நகத்தால் பழைய சாந்தைச் சுரண்டிக் காட்டினார். மாவு மாதிரி வந்தது. அது சுண்ணாம்பு. சுவருக்குள் போன மழைத்தண்ணீர் அந்தச் சந்து வழியாகத்தான் காய்ந்து வெளியேறும். நான் அதை அடைத்துவிட்டேன். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். வேறு வழியில்லாமல் கல்லைப் பிளக்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மெத்தென்று இருக்கணும், உதிர்வது அதுவாக இருக்கணும் என்றார். சாந்தை மறுபடி வைக்கலாம், கல்லை வைக்க முடியுமா?

மெல்பர்னிலிருந்து:

எங்கள் பக்கம் சாந்துக்கே வேலையில்லை. ஹெப்பர்ன், டேல்ஸ்ஃபோர்ட் சுற்றி 1850களில் தங்கம் தேடி வந்த வட இத்தாலிக்காரர்களும் சுவிட்சர்லாந்தின் டிச்சினோக்காரர்களும் விட்டுப்போன வெறுங்கல் சுவர்கள். விழுந்த ஒரு துண்டை நிமிர்த்தப் போனோம், நாலு பேர், ஒரு நாள், கையகல நீளம்தான் ஏறியது. ரெண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கற்களை யாரோ தோட்டத்துப் படிக்கட்டுக்கு எடுத்துப்போயிருந்தார்கள். அது இல்லாமல் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. இத்தாலி, சுவிட்சர்லாந்து உட்பட எட்டு நாடுகளின் இந்த வெறுங்கல் கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. படிக்கட்டுக்காரருக்கு அது தெரியாது போல.

நியூ ஜெர்சியிலிருந்து:

சிமென்டை எடுக்க முடியுமா? எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பிலடெல்பியாவிலிருந்து மறுபடி:

முடியும், ஆனால் அவசரப்பட்டால் கல்லின் ஓரம் சேர்ந்து பெயர்ந்துவிடும். நான் சின்ன உளியும் சுத்தியலும்தான். சந்தின் அகலத்தைப்போல் ரெண்டரை மடங்கு ஆழம் தோண்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காக வைக்கணும். பிறகு ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கணும். வெயிலில் விட்டால் பொடியாகிவிடும். உறைபனி வரும் மாதங்களில் தொடவே கூடாது. சனிக்கிழமைகளில் மட்டும் செய்கிறேன். சுவர் நாற்பதடி. ஏழடி முடிந்திருக்கிறது.