கென்டக்கி மலையில் ஒரு சின்ன கிறிஸ்தவ யுனிவர்சிட்டி: மகளைச் சேர்க்கலாமா?

பசுண்டான் முத்து:

எல்லாருக்கும் வணக்கம், பர்மாவில் ரங்கூன் பசுண்டானிலிருந்து எழுதுகிறேன். மகள் ஜி.இ.டி. என்கிற அமெரிக்கப் பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வில் நாலு பாடமும் முடித்துவிட்டாள், கணக்கில் 171, அறிவியலில் 168. படித்தால் டாக்டருக்குத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போன வாரம் டவுனில் ஒரு ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தோம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைப் பக்கம் பைக்வில் என்று ஓர் ஊர், அங்கே யுனிவர்சிட்டி ஆஃப் பைக்வில் என்று ஒரு சின்ன கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், அதிலேயே மெடிக்கல் காலேஜும் இருக்கிறது, டிகிரியில் சேர்த்துவிட்டால் போதும் அப்படியே மேலே ஏறி டாக்டராக வெளியே வரலாம், மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே ஸ்காலர்ஷிப் கொட்டிக் கிடக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முன்பணம் 25 லட்சம் கியாட் கேட்கிறார். இன்னும் கட்டவில்லை.

இது உண்மையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, வீட்டுக்காரிக்கு ஒரு பயம். நாங்கள் இந்துக்கள், கிறிஸ்தவ இடம் என்றால் ஞானஸ்நானம் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்களோ என்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவளுடைய அம்மாவே அந்தக் காலத்துக் கான்வென்ட்டில் படித்தவர். 1965-ல் அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொள்வதற்கு முந்தைய கதை. இன்றைக்கும் கண்ணை மூடி ஜெபம் சொல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார், காவடி எடுக்கும் நாளில் கோயிலுக்கு முதல் ஆளாகவும் போய் நிற்பார்.

கமாயுட் டீச்சர்:

முத்து அண்ணா, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தில் குறை இல்லை, ஏஜென்ட் சொன்ன கதையில்தான் குறை.

இங்கே மாதிரி பள்ளி இறுதித் தேர்வு மார்க்கை வைத்து நேரே மெடிக்கல் போவது அமெரிக்காவில் கிடையாது. நாலு வருடம் டிகிரி, எம்கேட் என்கிற தேர்வு, அப்புறம் நாலு வருடம் மெடிக்கல், அதற்கும் மேலே ரெசிடென்சி என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி குறைந்தது மூன்று வருடம். டிகிரியை அதே இடத்தில் படித்தாலும் மெடிக்கலுக்குத் தனியாக விண்ணப்பித்து வரிசையில்தான் நிற்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கும் மெடிக்கல் காலேஜே அந்த நாட்டில் குறைவு. பைக்வில்லில் கொடுக்கிற பட்டம் டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதிக். அமெரிக்காவில் டாக்டராக இரண்டு பட்டம் உண்டு, ஒன்று எம்.டி., இன்னொன்று இது. அமெரிக்காவில் எம்.டி. டாக்டர் செய்கிற எல்லாம் டி.ஓ. டாக்டரும் செய்யலாம், மருந்து எழுதலாம், ஆபரேஷன் பண்ணலாம். வேறு நாட்டுக்கு வந்து பிராக்டிஸ் பண்ண நினைத்தால் அந்த நாட்டு மெடிக்கல் கவுன்சிலை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த மாதிரி இடங்களை எடைபோட நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: யாருக்காகக் கட்டினார்கள் என்று பார். பைக்வில்லை 1889-ல் பிரஸ்பிட்டேரியன் சபையார் தொடங்கினார்கள், பல்கலைக்கழகம் என்ற பெயர் 2011-ல்தான் வந்தது. மெடிக்கல் பிரிவு 1997-ல். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம், தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போன ஆட்கள், வைத்தியம் பார்க்க டாக்டர் பற்றாக்குறை. வெளியூர் டாக்டர் வந்தாலும் ரொம்ப நாள் தங்க மாட்டார். சரி, இந்த மலையில் பிறந்த பிள்ளையையே டாக்டராக்கு, அவன் அம்மா வீட்டை விட்டுத் தூரம் போக மாட்டான் என்பதுதான் கணக்கு. அதனால் ஸ்காலர்ஷிப் மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்று ஏஜென்ட் சொன்னாரே, அதில் பொய் இல்லை. எந்த மலை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அதே கென்டக்கியில் ஆலிஸ் லாயிட் காலேஜ் என்று இன்னும் சின்னதாக ஒன்று இருக்கிறது, 1923-ல் தொடங்கியது. அங்கே டியூஷன் ஃபீஸ் பிள்ளை கையிலிருந்து போகாதபடி பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் ஐந்து மாநிலங்களில் இத்தனை கவுன்டி (மாவட்டம் மாதிரி) என்று எண்ணி 108 கவுன்டிப் பிள்ளைகளுக்கு மட்டும். பசுண்டான் அந்தப் பட்டியலில் வராது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதே கென்டக்கியில் பெரியா காலேஜ். 1855-ல் ஜான் ஃபீ என்கிற அடிமை ஒழிப்புப் பாதிரியார் தொடங்கியது. 1892-லிருந்து யாரிடமும் டியூஷன் ஃபீஸ் வாங்குவதில்லை. மலைப்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் என்றாலும் வருடத்துக்கு ஏறக்குறைய முப்பது பேரை வெளிநாடுகளிலிருந்தும் எடுக்கிறார்கள், முதல் வருடம் சாப்பாடு, தங்கும் செலவும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலுக்கு எல்லாப் பிள்ளைகளும் வாரம் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்ய வேண்டும், பணக்காரன் ஏழை பேதமில்லை. அங்கே துடைப்பம் கட்டுகிற பட்டறையே இருக்கிறது, நூறு வருடமாக நடக்கிறது. சோளக்கதிர் மாதிரி ஒரு பயிரின் காய்ந்த பூங்கொத்தைக் கைப்பிடியில் வைத்து, கயிற்றை இழுத்து இறுக்கிச் சுற்றிச் சுற்றிக் கட்டி விற்கிறார்கள். மெடிக்கல் காலேஜ் கிடையாது, டிகிரி மட்டும்தான்.

மதத்தைப் பற்றி அக்காவிடம் சொல்லுங்கள், இடத்துக்கு இடம் மாறும். சில காலேஜில் சேப்பல் என்கிற ஜெபக் கூட்டத்துக்கு வருகைப் பதிவே உண்டு, சிலவற்றில் பைபிள் பாடம் ஒன்று கட்டாயம். பெரியா கிறிஸ்தவ இடம்தான், ஆனால் எந்தச் சபையையும் சேர்ந்ததில்லை. பூமியின் எல்லா மக்களும் ஒரே இரத்தம் என்ற வேத வசனம்தான் அவர்களுடைய முத்திரை வாக்கு. அதைச் சும்மா சுவரில் எழுதி வைத்தவர்களும் இல்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் படிக்கக் கூடாது என்று கென்டக்கியில் 1904-ல் சட்டம் போட்டபோது உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டார்கள், 1908-ல் தோற்றார்கள், 1950-ல் சட்டத்தைத் தளர்த்தியதும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

தமு கணேசன்:

டீச்சர் சொன்ன 'அம்மா வீட்டை விட்டுப் போக மாட்டான்' என்கிற கணக்கில் பாதிதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. எங்கள் பக்கத்தில் சின் மலை இருக்கிறதே, அங்கேயும் இதே கதைதான். கார்சன் என்கிற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரியும் அவர் மனைவியும் 1899-ல் அங்கே ஹாக்கா என்கிற ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் போட்டார்கள், இன்றைக்கு அந்த மலையில் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். நன்றாகப் படிக்கிறவர்கள். ஆனால் படித்த பிள்ளை மலையிலா இருக்கிறான்? எங்கள் தெருவில் ஒரு சின் குடும்பம், ஆறு பிள்ளைகள். ஒருத்தர்கூட ஊரில் இல்லை, மலேசியா ஒன்று, அமெரிக்கா மூன்று, ரங்கூன் இரண்டு. கிறிஸ்துமஸுக்குப் போனில் முகம் பார்த்துக்கொள்வார்கள், அந்தப் பாட்டி போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெற்றியை மட்டும் காட்டுவார். காலேஜ் கட்டினால் மட்டும் போதாது, ஊரில் வேலை வேண்டும். கென்டக்கியிலும் நிலக்கரி படுத்த பிறகு இளவட்டம் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது.

கமாயுட் டீச்சர்:

கணேசன் தம்பி, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவர் தங்கினாலும் அந்த மலைக்கு ஒரு டாக்டர். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் காய்ச்சல் வந்தவனுக்குத்தான் தெரியும்.

தாக்கேத்தா ரவி:

எல்லாரும் வரலாறு பேசிக்கொண்டிருக்கிறீர்கள், விசாவை யாருமே பேசவில்லையே. 2025 ஜூன் 9 முதல் பர்மா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்கா புது விசா கொடுப்பதை நிறுத்தி வைத்தது, மாணவர் விசாவும் அதில் சேர்த்தி. முன்பே விசா வாங்கியவர்கள் வேறு. பைக்வில்லோ பெரியாவோ, அட்மிஷன் கடிதம் கையில் கிடைத்தாலும் அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம். முத்து அண்ணா, ஏஜென்ட் வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்ப மாட்டேன். கட்டுவதற்கு முன்னால், விசா கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள்.

மலையும் வேண்டும், கிறிஸ்தவ இடமும் பரவாயில்லை என்றால் பக்கத்திலேயே சியாங்மாயில் பாயப் பல்கலைக்கழகம் இருக்கிறதே. 1974-ல் தாய்லாந்துத் திருச்சபை தொடங்கியது, அந்த நாட்டின் முதல் தனியார் உயர்கல்வி நிலையங்களில் ஒன்று. நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். டாக்டர் படிப்பு இல்லை, நர்சிங் உண்டு. நர்சிங் எந்த மொழியில் நடக்கிறது என்று மட்டும் நேரே அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம்.

பசுண்டான் முத்து:

டீச்சருக்கும் தம்பிகளுக்கும் நன்றி. ரவி சொன்னபடி இன்று காலையில் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். விசா எல்லாம் சீக்கிரம் திறந்துவிடும் சார், இப்போதே இடத்தைப் பிடித்து வையுங்கள் என்றார். எழுதித் தருவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சரி, நான் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மகள் பாயப்பைப் பற்றி இரண்டு மணி நேரமாக போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மெயில் எழுதப் போகிறாளாம். ஆனால் பெரியாவையும் விடவில்லை, விசா திறந்தால் அதுதான் முதலில் என்கிறாள். வாரம் பத்து மணி நேரம் வேலை, துடைப்பம்கூடக் கட்ட வேண்டியிருக்கும் என்று டீச்சர் எழுதியதை நான் சத்தமாகப் படித்ததும் அடுப்படியிலிருந்து அவள் அம்மா கேட்டாள், இந்த வீட்டில் கட்டின துடைப்பத்தை ஒரு நாளாவது கையில் எடுத்திருக்கிறாளா என்று.