வீட்டில் வாய் குழறிய சொற்கள் வேண்டும், உதவுங்கள்

குடும்பத்தில் வாய் தவறி வந்த வேடிக்கையான சொற்களைத் தொகுக்கிறோம். உங்கள் வீட்டுச் சரக்கையும் கமெண்டில் போடுங்கள்.

"பையில பணத்தை வை" என்பது "பணத்துல பையை வை" என்று வருவது முதல் வகை. சொற்கள்தான் இடம் மாறும், வேற்றுமை உருபு அசையாது. 'பணம்' கூட அவசரத்திலும் ஒழுங்காக 'பணத்துல' ஆகிவிடுகிறது, பாருங்கள்! இதில் எங்களிடம் நிறைய இருக்கிறது. தம்பியைக் கூப்பிட அண்ணன், அக்கா பெயரெல்லாம் வரிசையாக வருவதும் போதும் போதும் என்கிற அளவுக்கு உண்டு.

கிடைக்காதது எழுத்து மாறும் வகை: "பல் தேய்ச்சாச்சா" என்பது "தல் பேய்ச்சாச்சா" ஆவது. கேட்பவர் மனம் தானாகவே திருத்திக்கொள்வதால் பாதி காதிலேயே விழாது. 'சீக்கிரமா', 'வேகமா' இரண்டும் ஒட்டி 'சீகமா' ஆவது போன்றவையும் தேவை.

சொல்ல நினைத்தது, வாயில் வந்தது, பேசியவர் உடனே திருத்தினாரா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற நான்கையும் எழுதுங்கள். கேட்டவுடன் போனில் குறித்துவிடுங்கள். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதினால் நகைச்சுவை கூடிவிடும், உண்மை குறைந்துவிடும். இப்படி எழுத்து மாற்றிப் பேசுவதற்குப் பெயர்போன ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் ஸ்பூனர் (1844–1930) பெயரில் உலவும் வாய்த்தவறுகளில் பெரும்பாலானவை பிறர் புனைந்தவையே.

மழலையும் வட்டார வழக்கும் இதில் சேராது. ஆட்களின் பெயர் வேண்டாம், 'பாட்டி', 'சித்தப்பா' என்று உறவுமுறை போதும்.