கொடுத்த கோலும் 12 கோல் கணக்கும்: லீட்ஸ் 2018-19

வெள்ளைச்சட்டை:
பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "2018-19 சாம்பியன்ஷிப்பில், அதாவது இங்கிலாந்தின் இரண்டாம் நிலை கால்பந்து லீக்கில், லீட்ஸ் பிரீமியர் லீக்குக்கு மேலே ஏறாமல் போனதற்கு, ஆஸ்டன் வில்லாவுக்கு பயிற்சியாளர் பியெல்சா தூக்கிக் கொடுத்த கோல்தான் காரணம்." ஆட்டத்தைப் பார்த்தவர் எழுதுகிற வாக்கியமா இது? ஏப்ரல் 28, லீட்ஸின் சொந்த மைதானமான எல்லண்ட் ரோடு. வில்லாவின் கோட்ஜா அடிபட்டுக் கிடக்கிறார். லீட்ஸின் டைலர் ராபர்ட்ஸ் பந்தை வெளியே தட்டிவிடப் போகிறவர் மாதிரி பாவனை காட்டிவிட்டு, கோட்டோரமாக முன்னே தள்ளினார். வில்லாக்காரர்கள் நின்றுவிட்டார்கள். லீட்ஸ் வீரர் கிளிக் போய் கோல் போட்டுவிட்டார். ஒரே தள்ளுமுள்ளு. பியெல்சா ஓரத்தில் நின்று, கோலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கத்தினார். வில்லாவின் அடோமா போய்ப் போட்டார், 1-1. எல்லாம் சரி. ஆனால் நேரடியாக மேலே ஏறுவது முதல் இரண்டு அணிகள்தான்; இரண்டாம் இடத்துக்கு நம்மோடு போட்டியிட்ட ஷெஃபீல்டு யுனைடெட் முந்தின நாளே 88 புள்ளிக்குப் போயாச்சு. லீட்ஸ் கையில் 82. மிச்சம் இரண்டே ஆட்டம். கூட்டிப் பாருங்கள்.

கடைசிநிமிடம்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கூட்டியும் பார்த்தேன்: 82+6=88. அப்படியென்றால் கணக்குப்படி வாய்ப்பு இருந்தது. ஆமாவா, இல்லையா?

வெள்ளைச்சட்டை:
புள்ளி சமமானால் பார்க்க கோல் வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறது ஐயா: போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. ஷெஃபீல்டு +37. அந்த ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்திருந்தாலும் லீட்ஸ் +25 தான். கடைசி நாளில் 12 கோலை ஈடுகட்ட வேண்டும். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா.

கடைசிநிமிடம்:
மீசைக் கதை வேண்டாம். வாய்ப்பு இருந்ததா, இல்லையா?

ஆட்டுக்கடா:
பெருந்தன்மை என்றெல்லாம் காதில் விழுகிறதே, யாரைச் சொல்கிறீர்கள்? ஜனவரியில் எங்கள் டார்பி அணியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே ஆள் வைத்து வேவு பார்த்து, 2,00,000 பவுண்டு அபராதம் வாங்கிய அணியையா? அதே வில்லா ஆட்டத்தில், வில்லாவின் எல் காசி கை படாமலே உங்கள் பேம்ஃபோர்டு முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தாரே, அதுவும் பெருந்தன்மையா? எல் காசியின் சிவப்பு அட்டை ரத்தாகி, உங்கள் ஆளுக்கு இரண்டு ஆட்டத் தடை.

வெள்ளைச்சட்டை:
வந்துட்டாரய்யா. அபராதத்தை பியெல்சா தன் பையிலிருந்து கட்டினார். எல்லா எதிரணிகளின் பயிற்சியையும் இப்படிப் பார்த்தேன் என்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு வைத்து அவரே சொன்னார். அந்த ஜனவரி ஆட்டத்தில் உங்களை 2-0 என்று அடித்தது வேலியோரம் நின்ற ஆள் இல்லை, உள்ளே ஆடிய பதினொரு பேர்.

ஆட்டுக்கடா:
மே 15. எல்லண்ட் ரோடு. மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் அரையிறுதி. 2-4. எங்கள் மேரியட், மேரியட். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

வெள்ளைச்சட்டை:
அப்புறம் வெம்பிளி இறுதியாட்டத்தில் வில்லாவிடம் 2-1 என்று தோற்றுத் திரும்பி வந்ததையும் சொல்லுங்களேன்.

பிழைதிருத்தி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். போன மாதம் நார்விச் என்று எழுதியிருந்தீர்கள். அது நாரிச். இதுவரை திருத்தவில்லை.

வெள்ளைச்சட்டை:
அந்தப் பருவத்தில் 94 புள்ளியோடு முதலிடம் பிடித்த அந்த அணிக்கே கவலை இல்லை, உங்களுக்கு என்ன? சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 19, பெரிய வெள்ளி. விகன் அணி இருபது நிமிடத்துக்குள் பத்து பேராகிவிட்டது. நமக்குப் பெனால்டி. எர்னாண்டஸ் வீணடித்தார். பேம்ஃபோர்டு ஒன்று போட்டும் 1-2 என்று தோற்றோம், சொந்த மைதானத்தில், பத்து பேரிடம்! மூன்று நாளில் பிரென்ட்ஃபோர்டில் 0-2. ஆறு புள்ளி போனது அங்கே. அதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள், கோல் கொடுத்தார் கோல் கொடுத்தார் என்று ஒரே பாட்டு.

கடைசிநிமிடம்:
விகன் கதையை நான் கேட்கவில்லை. ஏப்ரல் 28 அன்று வாய்ப்பு இருந்ததா, இல்லையா? நம்ம யான்சனுக்கே பொறுக்காமல் அடோமாவை மறிக்கப் போனாரே, பார்த்தீர்களா? களத்தில் ஒருவருக்காவது அறிவு இருந்தது.

வெள்ளைச்சட்டை:
12 கோல். அதுவும் எங்கே? கடைசி ஆட்டம் இப்ஸ்விச்சில். பட்டியலில் கடைசியில் கிடந்த அணி, 3-2 என்று நம்மைத் தோற்கடித்தது. அங்கேயும் ரூஃப் பெனால்டியை வீணாக்கினார். இவர்களா 12 கோல் போட்டிருப்பார்கள்?

கடைசிநிமிடம்:
வில்லாவை ஜெயித்திருந்தால் இப்ஸ்விச்சில் வேறு மாதிரி ஆடியிருப்பார்கள்.

வெள்ளைச்சட்டை:
12 கோல் வேறு மாதிரியா? அடுத்த பருவத்தில் அதே பியெல்சாதான் 93 புள்ளியோடு முதலிடம் பிடித்து லீட்ஸை மேலே ஏற்றினார். கொடுத்த அந்தக் கோலுக்கு ஃபிஃபா நேர்மை விருதும் வந்தது.

ஆட்டுக்கடா:
வேவு பார்த்ததற்கும் விருது உண்டா?

பிழைதிருத்தி:
"நமக்குப் பெனால்டி" என்கிறீர்கள். நீங்கள் எந்த நிலையில் ஆடினீர்கள்?

வெள்ளைச்சட்டை:
உங்களைப் போன வருடமே தடை செய்திருக்க வேண்டும். கடைசிநிமிடம், புள்ளிப்பட்டியலைப் படமாகப் போட்டிருக்கிறேன். இரண்டாவது வரிசை, கோல் வித்தியாசம். பெரிதாக்கிப் பாருங்கள்.

கடைசிநிமிடம்:
பார்த்தேன். அது கடைசி நாள் பட்டியல். நான் கேட்டது ஏப்ரல் 28 காலை.