பேய் வேஷம் கட்டிப் படம் எடுத்தபோது: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி கேமராக்காரன்

பேய் வேஷப் படம் எடுத்த அனுபவம் கேட்டிருந்தீர்கள், என்னுடையது நீலி. பேயான நீலி, கரிக்கட்டையைக் குழந்தையாக்கிக் கையில் வைத்துக்கொண்டு, தன்னைச் செட்டியின் மனைவி என்று ஊரை நம்பவைத்த கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன தை மாதம், பாலாற்றுக்குள், விருதம்பட்டுப் பக்கம் மணலில். நான், லைட் பிடிக்க நண்பன், நீலியாக எங்கள் கல்லூரி ஜூனியர் ஒரு பெண். வெள்ளைப் புடவை, இடுப்பு வரை சவுரி, கண்ணுக்குக் கீழே மை. கையில் குழந்தைக்குப் பதில் கரி. இஸ்திரிக் கடையில் இரண்டு கிலோ வாங்கிப் பழைய வேட்டியில் சுற்றியிருந்தோம். துணி விலகி உள்ளே கரி தெரிவதுதான் நான் நினைத்து வைத்திருந்த படம்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் கேமராவை வைத்து எட்டு வினாடி ஷட்டர் திறந்தேன். தொடக்கத்தில் ஒரு ஃபிளாஷ், அப்புறம் அந்தப் பெண் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சரியாக அப்போது நாணல் பக்கமிருந்து ஒரு பாட்டி, தலையில் புல்லுக்கட்டோடு. எங்களைப் பார்க்கவே இல்லை. நேராக அவளிடம் போய்க் கட்டைக் கீழே போட்டாள்.

"இன்னாம்மா, பச்சப்புள்ளய வச்சிக்கினு பனியில குந்திக்கினு கீற?"

தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து உதறினாள். அந்தத் துண்டை மூட்டையின் மேல், குழந்தையின் தலை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சுற்று சுற்றிச் செருகினாள். கரி வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் விரலிலும் ஒட்டியிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. என் நண்பனைப் பார்த்து, "தூக்கி உடுறா கண்ணு" என்றாள். அவன் லைட்டை மணலில் வைத்துவிட்டுப் புல்லுக்கட்டைத் தூக்கிவிட்டான். வெறும் தலையில் சுமந்துகொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினேன். அந்தப் பெண் அசையவே இல்லையே, நீலி கல் மாதிரி தெளிவாக விழுந்திருக்கிறாள். பாட்டி நடந்து வந்து குனிந்ததால் அவள் உடம்பு வழியாக நாணல் தெரிகிறது. உயிரோடு வந்தவள் புகை, பேய் வேஷக்காரி முழு மனுஷி. இதைக் கேமராக்காரர்கள் யாரும் புதுமை என்று சொல்ல மாட்டார்கள், நீள எக்ஸ்போஷரில் அசைவது கரையும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் படத்தை நான் இதுவரை எங்கும் போடவில்லை.

குடியாத்தம் பையன்

எங்களுக்கு வேஷம் என்றால் மயானக் கொள்ளைதான். அங்காளம்மன் திருவிழா, மாசி அமாவாசை, சிவராத்திரிக்கு அடுத்தது. வேலூரில் பாலாற்றங்கரைக்கு ஊர்வலம் போகும்போது நூறு காளி நடப்பாள். நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்னால், வேஷம் கட்டியவர்களை ஓரமாக நிறுத்திக் கறுப்புத் துணி பின்னணியில் வரிசையாக எடுக்கலாம் என்று நினைத்தேன். நாக்கை நீட்டச் சொல்வது, சூலத்தைக் குறுக்கே பிடிக்கச் சொல்வது, இந்த மாதிரி.

ஒருவர் வந்தார். நீல உடம்பு, எலுமிச்சை மாலை, கையில் காப்பு. எடுத்தேன். ஃபோகஸ் போய்விட்டது. "அண்ணே, இன்னொரு தடவை நாக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோபம் இல்லை. என்னைத் தெரியாத மாதிரி ஒரு பார்வை. பக்கத்தில் இருந்த பெண்மணி, அவர் மனைவி என்று நினைக்கிறேன், "வேஷம் இல்ல தம்பி, வேண்டுதல். கேட்டதெல்லாம் செய்யாது" என்றார். "செய்ய மாட்டார்" என்று சொல்லவில்லை. "செய்யாது" என்றார்.

அடுத்த வாரம் வண்டி பஞ்சர். கடையில் ட்யூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவர் காது மடலில் நீலம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கோட்டை வெளி

நம்முடையது சிரிப்புக் கதை. நண்பனுக்குப் பிறந்தநாள், டிராகுலா வேஷத்தில்தான் படம் வேண்டும் என்றான். மே மாதம், கத்திரி வெயில், நண்பகல். கறுப்பு அங்கி, உள்ளே சிவப்பு சாட்டின். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் போனோம். கோட்டை மத்திய தொல்லியல் துறையிடம் இருக்கிறது, ஸ்டாண்ட் போட அனுமதிச் சீட்டு வேண்டும். காவலாளி ஸ்டாண்டைப் பார்த்து வருவதற்குள் நண்பன் முகத்தில் பூசிய வெள்ளை உருகிக் கழுத்துக்கு வந்துவிட்டது. காவலாளி ஸ்டாண்டை மறந்துவிட்டார். "முதல்ல அந்தப் பையனுக்குத் தண்ணி குடுங்க" என்று தன் பாட்டிலை நீட்டினார். டிராகுலா அதை அண்ணாந்து குடித்ததுதான் அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படம். கோரைப் பல் பாட்டிலுக்குள் விழுந்தது தனிக் கதை.

வெயிலில் டிராகுலா வந்தால் சாம்பலாகிவிடாதா என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

ஆற்காடு மக்கன்பேடா

கிண்டல் செய்பவர்களிடம் சொல்லுங்கள். 1897இல் வந்த மூல நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடப்பார். பகலில் அவருக்குச் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளி பட்டு அழிவதெல்லாம் 1922இல் ஜெர்மனியில் எடுத்த ஊமைப் படத்திலிருந்து வந்த பழக்கம். ஆகவே உங்கள் நண்பர் இலக்கிய சுத்தமாகத்தான் நின்றிருக்கிறார். வேலூர் வெயிலைத் தாங்குவாரா என்பது வேறு கேள்வி.

என் அனுபவம் ஒன்றும் இல்லை, படித்துக்கொண்டு போக வந்தேன்.

ராணிப்பேட்டை அண்ணன்

தம்பிகளே, கொஞ்சம் அனுபவத்தோடு பேசுகிறேன். ஒரு தடவை புளியமரத்தடியில் ஒரு பெண்ணை ரத்த வெள்ளத்தில் படுக்க வைத்தோம். ரத்தம் என்பது தேனும் சிவப்புக் கலரும். பத்து நிமிடத்தில் கட்டெறும்பு. அவ்வளவுதான் கதை.

இனிமேல் செய்கிறவர்கள் கவனிக்க. ரத்தத்துக்குச் சோளமாவைத் தண்ணீரில் காய்ச்சிச் சிவப்புக் கலர் போடுங்கள், ஒரு சிட்டிகை காப்பித்தூள் சேர்த்தால் அந்தப் பொம்மைச் சிவப்பு போய்ப் பழுப்பு ஏறும். இனிப்பு வேண்டாம், காரணம் மேலே. வெள்ளை லென்ஸ் போட்டுக் கண்ணைப் பேயாக்குவது இப்போது பெரிய மோகம். கண் டாக்டரிடம் அளவு பார்க்காமல் போடாதீர்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. புகைக்கு உலர் பனிக்கட்டி வாங்குகிறார்கள். அது கரியமில வாயு. பூட்டிய அறையில் வைத்தால் மூச்சு முட்டும், வெறும் கையில் தொட்டால் தோல் போகும். சாம்பிராணி போதும் அப்பா, நம் பேய்க்கு அந்த வாசனையும் பொருந்தும். கொள்ளிவாய்ப் பிசாசு எடுக்கிறேன் என்று வாயில் மண்ணெண்ணெய் வைத்து ஊதுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரி சொல்லும். இரும்பு நாரைக் கொளுத்திச் சுழற்றுவதைப் பாலாற்று நாணல் பக்கம் செய்யாதீர்கள், பொறி ஒன்று போதும். தண்டவாளத்தில் வெள்ளைப் புடவைப் படம் வேண்டவே வேண்டாம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடப் போடலாம். அதைவிட, டிரைவருக்கு நீ வேஷம் என்று தெரியுமா? அவர் வாழ்க்கை முழுக்கச் சுமக்க வேண்டுமா? ஊருக்குள் எடுப்பதானால் முன்னாலேயே நாலு வீட்டில் சொல்லிவிடுங்கள். பக்கத்து ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை.

கோட்டை வெளி

அண்ணே, கேட்டது அனுபவம். எறும்பு மூன்று வரி, சட்டம் முப்பது வரி.

ராணிப்பேட்டை அண்ணன்

எறும்பு கடித்தவள் என் மனைவி. மூன்று வரிக்கு மேல் எழுதினால் வீட்டில் படிப்பாள்.

செய்யாறு கூத்து வீடு

முதலில் எழுதியவருக்கு ஒரு வார்த்தை. நீலியை ஏன் வெள்ளைப் புடவையில் உட்கார வைத்தீர்கள்? அவள் செட்டியின் மனைவி என்று சொல்லிக்கொண்டு பழையனூர் வெள்ளாளர் எழுபது பேர் முன்னால் நின்றவள். பேய் என்று ஊர் கண்டுபிடிக்கக் கூடாது என்பதுதானே கதையே! தாலி, குங்குமம், தலையில் பூ, எல்லாம் இருந்தால்தான் சபை நம்பும். வெள்ளைப் புடவையும் விரித்த தலையும் சினிமா கொடுத்தது. அப்புறம், எங்கள் வீட்டில் சொன்ன கதையில் அது கரிக்கட்டை இல்லை, கள்ளிக்கொம்பு. அரக்கோணம் தாண்டி திருவாலங்காட்டுக்கு ஒரு நடை போயிருந்தால் அங்கேயே யாராவது சொல்லியிருப்பார்கள்.

என் கதை இது. எங்கள் தாத்தா கட்டைக்கூத்து ஆடியவர். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் இன்னும் பரணில் இருக்கின்றன. சென்னையிலிருந்து ஒரு குழு, பேய் அரசன் என்று ஏதோ படம் எடுக்கக் கேட்டு வந்தது. வாடகை நல்ல வாடகை, கொடுத்தேன். பாழடைந்த சாவடியில் எடுத்தார்கள். இடைவேளையில் அந்தப் பையன் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு பிரியாணிப் பொட்டலம் பிரித்தான்.

தாத்தாவுக்கு அப்போது சரியாகக் கண் தெரியாது. கட்டை சிமெண்டில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து, தடவித் தடவிப் போய், கிரீடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. மேல்துண்டால் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார், எண்ணுகிற மாதிரி. அதற்கப்புறம் தரவே இல்லை. பாதிப் படம் கிரீடம் இல்லாமல்தான் எடுத்தார்கள். வாடகையை நான் திருப்பிக் கொடுத்தேன், அதில் எனக்கு அவர் மேல் கோபம்தான். இப்போது அவர் இல்லை. பரணில் கை வைக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன், ஒரு துண்டு குறைகிறது. அன்றைக்கு விழுந்ததா, முன்னாலேயே இல்லையா, தெரியாது.

குடியாத்தம் பையன்

கள்ளியா கரியா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேமராக்காரரே, அந்தப் பாட்டியைத் திரும்பப் பார்த்தீர்களா?

காட்பாடி கேமராக்காரன்

செய்யாறு அண்ணன் சொன்னது சரி, பூவும் பொட்டும் வைத்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி எடுத்திருந்தால் நீலியே என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பாட்டியைப் பார்க்கவில்லை. நாலு நாள் அதே நேரத்துக்குப் போனேன். புல் அறுக்க வருகிற இரண்டு பேரிடம் கேட்டேன், எந்தப் பாட்டி என்றார்கள். அங்கே எல்லாருமே பாட்டிதான். ஜூனியர் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டேன், பாட்டிக்குக் கரி தெரிந்திருக்குமா என்று. "கிட்ட வந்து என் முகத்தைத்தான் பார்த்தாங்க, மூட்டையைப் பார்க்கல" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த படத்துக்கும் வந்தாள்.

கரியை இஸ்திரிக் கடையிலேயே கொடுத்துவிட்டேன், பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். துண்டு என் கேமராப் பையில் இருக்கிறது. கட்டம் போட்ட பச்சைத் துண்டு, ஒரு முனையில் முடிச்சு. முடிச்சுக்குள் ஏதோ இருக்கிறது, சில்லறை மாதிரி. பிரிக்கவில்லை.